கடலுக்கு நிரை பிரித்தவர்

இந்த உலகத்தில் கடலுக்கு நிரை பிரித்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தோட்டத்து நிரைக்காரர்தான். வேறு எவரோ செய்ததாக யாராவது சொன்னால் நம்பமாட்டேன். அதிகம் வற்புறுத்தினால் சண்டைக்கும் வருவேன்.

தேயிலை மலையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும், கொழுந்து பறிக்க வந்த ஒவ்வொருவருக்கும் செடிகளுக்கு நடுவே ஒரு வரிசையைக் கணக்கப்பிள்ளை கைகாட்டி விடுவார். அதுதான் நிரை. அன்று முழுவதும் அது உங்களுடையது. பக்கத்து நிரையில் கை வைத்தால் ஏச்சு விழும். பாதியில் விட்டுப் போனால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

இலங்கையில், நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தவருக்கு இந்தப் பழக்கம் மலையை விட்டு இறங்கிய பிறகும் போகவில்லை. கோயில் திருவிழாவில் சாமி கும்பிட நிரை. கல்யாணப் பந்தியில் நிரை. ஒருமுறை சாவு வீட்டுக்கு வந்தவர், கூட்டம் கலைந்து நிற்பதைச் சற்று நேரம் பார்த்தார். அதற்குமேல் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அழுறவங்க இந்தப் பக்கம் வாங்க. சும்மா நிக்கிறவங்க அந்தப் பக்கம். கதை பேசுறவங்க எல்லாம் ரோட்டுக்குப் போங்க" என்றார்.

செத்தவரின் மனைவியே அழுகையை நிறுத்திவிட்டுத் தான் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தாளாம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. முகத்துக்கு நேரே ஐயா, முதுகுக்குப் பின்னால் நிரைக்காரர்.

நான் சொல்லும் காலம் எழுபதுகளின் கடைசி. இரண்டு அரசாங்கங்கள் எங்கோ மேசை போட்டு உட்கார்ந்து எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்து வருஷங்கள் ஆகியிருந்தன. இவ்வளவு பேர் இங்கே, இவ்வளவு பேர் இந்தியாவுக்கு. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த தோட்டத்து வீடுகளில், செல்வி வீட்டுக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பேர் வந்துவிட்டது. செல்வி என் உயிர்ச் சிநேகிதி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். தை பிறந்ததும் அவர்கள் பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போகவேண்டும்.

அந்த லயத்தில் மீசை அரும்பிய பையன்களும் தாவணி போட்ட பெண்களுமாக வளர்ந்து நின்ற எங்களில் ஒருவர்கூடக் கடலைக் கண்ணால் கண்டதில்லை. செல்வி முதன்முதலாகப் பார்க்கப்போகும் கடல், அவளை எங்களிடமிருந்து கொண்டுபோகப் போகிற கடல். இதைத்தான் நிரைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதுக்கு முன்னாடி நாமளாப் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும். லயத்துல இருக்க வயசுப் பிள்ளைக எல்லாம். வேண்டுதல் கீண்டுதல் ஒண்ணும் இல்ல. சும்மா, வெளையாட" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தார். அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அந்தக் காம்பராதான் எங்கள் மகாநாட்டு மண்டபம்.

அவர் கையில் வடை சுற்றி வந்த ஒரு பத்திரிகைத் துண்டு. தென்கரையில் ஏதோ ஒரு கடற்கரை ஹோட்டலின் விளம்பரம். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் அடங்கலாக ஒரே கட்டணம். 'எல்லாம் அடங்கல்' என்ற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து கோவில் பொங்கலைக்கூட எல்லாம் அடங்கலா என்று கேட்டுத்தான் வாங்கினார்.

எங்களிடம் அபிப்பிராயம் கேட்டார். பையன்களுக்குச் சினிமாத் தியேட்டர் உள்ள கடற்கரை வேண்டும். பெண்களுக்குப் பையன்கள் வராத கடற்கரை வேண்டும். நிரைக்காரர் கூட வராத கடற்கரை இருந்தால் நல்லது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றாக இருந்தோம். அம்மாமார் திருகோணமலை என்றார்கள். அங்கே கோயில் இருக்கிறதே.

"கோயிலுக்குப் போனா பிள்ளைக நல்லா படிக்கணும், நல்ல மாப்பிள்ள கெடைக்கணும்னு ஆரம்பிச்சுருவீங்க. அப்புறம் கடல எங்க பாக்குறது?" என்று நிரைக்காரர் அதை அடித்துவிட்டார்.

முதலில் அந்த ஹோட்டலையே நேரில் பார்த்து வரப் புறப்பட்டார். முன்பு தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன தொப்பி, கறுப்புக் கோட்டு, காக்கிக் கால்சட்டை, கையில் மலைக்குக் கொண்டுபோகும் பிரம்பு. வாசலில் மறித்தார்கள். சாப்பாட்டு அறையைப் பரிசோதிக்க வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். மனேஜர் பயந்துபோய்த் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தவர், "இதுவும் அடங்கலா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றார்கள். "இத அடக்காம வெலயக் கொறைங்க" என்றாராம். விலையைக் கேட்ட பிறகு இன்னும் என்னவோ சொல்லியிருக்கிறார். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை.

கடைசியில் கடல் பசறைக் கடைவீதியிலேயே கிடைத்தது. அங்கே கருவாட்டுக் கடை வைத்திருந்த, நானா என்று எல்லோரும் கூப்பிட்ட முஸ்லிம் அண்ணனின் லொறி பொத்துவிலுக்குப் போய்க் கருவாடு ஏற்றி வரும். போகும்போது வெறும் லொறி. நானாவின் தங்கை வீடு பொத்துவிலில் கடலுக்குப் பக்கத்தில். நெல் போடும் பெரிய அறை அப்போது காலியாகக் கிடந்தது. பேரம் நடந்தபோது அரிசி மூட்டை தூக்க வந்த சாக்கில் நானும் செல்வியும் பக்கத்தில் நின்றோம்.

"லொறி அடங்கலா?"

"அடங்கல்."

"சோறு, மீன் கறி?"

"அடங்கல். தங்கச்சி ஆக்கித் தருவா."

"கடலு?"

நானா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடலுக்கு யாருங்க காசு வாங்குறது? அது சும்மா."

"சும்மாவா? அப்ப அதுல ஏதோ கோளாறு இருக்கு" என்றார் நிரைக்காரர். நானா அல்லாவின் மேல் சத்தியம் செய்த பிறகுதான் கை கொடுத்தார்.

அடுத்த தடை, வெள்ளைக்காரருக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்த துரை. எங்களில் பாதிப்பேர் ஏற்கெனவே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். நிரைக்காரர் லீவு கேட்க உள்ளே போனார்; ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"கடல் எதுக்கு உங்க பிள்ளைகளுக்கு? கொழுந்து நல்லா வர்ற நேரம். லீவு இல்ல" என்றார் துரை.

"தொரை, நாங்க கிள்ளுன கொழுந்து எத்தனையோ கடலத் தாண்டிப் போயிருக்கு. கிள்ளுன புள்ள ஒரு கடலக்கூடப் பாக்கலன்னா எப்புடிங்க?"

"போனா பேர் போடமாட்டேன்."

"போடாதீங்க. எனக்கும் போடாதீங்க."

"கணக்கப்பிள்ளை, வேலையே போயிரும்."

"சரிங்க தொரை" என்று தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒருநாள்கூடப் பெரட்டுக்குத் தவறாத மனிதர். எங்களைப் பார்த்ததும், "என்னா ஒட்டுக் கேக்குறீங்க? நெரயா நில்லுங்க" என்றார்.

அந்த ஆவணியில் போனோம். "வயசுப் பிள்ளைகளத் தனியா அனுப்பமாட்டோம்" என்று அம்மாமார் சேர்ந்து என் அம்மாவைக் காவலுக்கு ஏற்றிவிட்டார்கள். பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் வளைவுகளில் பையன்கள் அத்தனை பேரும் வாந்தி எடுத்தார்கள். புது பெல்பாட்டம் போட்டு வந்திருந்த ராசுவின் நிலைமையைச் சொல்லவேண்டாம். அவன் இப்போது பேரன் எடுத்துவிட்டான்.

கடலைக் கண்டதும் எல்லோரும் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டோம். நிரைக்காரரும்தான். ஆனால் அவர் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய இடம் வேலியில்லாமல், நிரையில்லாமல் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நானாவின் தங்கை வீட்டிலிருந்து தும்புக்கயிறும் தென்னோலை ஈர்க்கும் வாங்கிவந்து கரையிலிருந்து தண்ணீருக்குள் வரிசை வரிசையாக ஈர்க்கைக் குத்திக் கயிறு கட்டினார். பிறகு மணலில் எங்களை நிறுத்திப் பெரட்டுக் கூப்பிட்டார்.

"ராசு, மூணாவது நெர. இடுப்புக்கு மேல போகக் கூடாது. ஒன் நெரய விட்டு அடுத்த நெரயில குளிச்சா அரைப்பேர்."

முதல் அலையிலேயே ஈர்க்கு எல்லாம் போய்விட்டது. அவர் அலையைப் பார்த்துக் கையை நீட்டி ஏசினார். மறுபடி குத்தினார். மறுபடி போனது. வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், காசு கொடுத்தாலும் கிடைக்காத கூத்து என்று சிரித்தான். "சிரிக்கிறவங்க எல்லாம் அந்தப் பக்கம்" என்றார் நிரைக்காரர். ஆச்சரியம், அவர்கள் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள்.

செல்வி மட்டும் வரவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லொறி நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் கெஞ்சிப் பார்த்தேன். அம்மா அதட்டிப் பார்த்தார். நிரைக்காரர் போய் அவள் எதிரில் நின்றார்.

"செல்வி, ஒனக்கு ஓர நெர."

"வேணாங்கய்யா. இதத்தான் தாண்டிப் போகணும். அப்பப் பாத்துக்கிறேன்."

அவர் பிரம்பால் மணலைக் குத்திக்கொண்டே நின்றார்.

"அது அவனுக அனுப்புற கடலு புள்ள. இது நாமளா வந்த கடலு. அதுவும் இதுவும் ஒண்ணாகுமா?"

செல்வி தலையைத் தூக்கவில்லை.

"சரி. நீ வர்ற வரைக்கும் ஒன் நெரய நான் பாத்துக்கிறேன். ஆள் இல்லாம சும்மா போட முடியாது" என்று சொல்லிவிட்டுக் கோட்டு, தொப்பியோடு ஓர நிரையில் இறங்கினார். மனிதருக்கு முழங்கால் அளவு ஓடையைக் கண்டாலே பயம் என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த சங்கதி. பல்லைக் கடித்துக்கொண்டு, பிரம்பை முன்னால் நீட்டிக்கொண்டு போனார். ஒரு அலை வந்தது. நிரைக்காரரைக் காணோம்.

அடுத்த நிமிஷம் அவர் உட்கார்ந்த வாக்கில் கரையில் கிடந்தார். தொப்பி மட்டும் கடலில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. லொறிப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். செல்விதான். சிரித்துக்கொண்டே எழுந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தொப்பியைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஒழுக, நிரைக்காரர் அவளைப் பார்த்துக் கத்தினார். "அது மூணாவது நெர. நெர மாறிட்ட. ஒனக்கு அரைப்பேர்."

அதன் பிறகு இரண்டு நாளும் செல்வியைக் கடலிலிருந்து கிளப்ப முடியவில்லை. அவளையாவது ஒருவழியாகக் கிளப்பினோம், காவலுக்கு வந்த என் அம்மாவைக் கடைசிவரை கிளப்பவே முடியவில்லை. திரும்பும்போது கருவாட்டு மூட்டைகளின் மேல் படுத்து வந்தோம். ஒரு வாரத்துக்கு லயத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் பின்னாலேயே திரிந்தன.

துரை சொன்னபடி எங்களுக்குப் பேர் போடவில்லை. நிரைக்காரரின் வேலை போகவில்லை. ஆனால் ஆள் போக விரும்பாத மேல்பிரிவுக்கு, மழையும் அட்டையும் உள்ள மலைக்கு மாற்றிவிட்டார்கள். "அங்கதான் காத்து நல்லாருக்கு. கிட்டத்தட்டக் கடக்கரைதான்" என்று சொல்லிவிட்டுப் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு போனார்.

தை மாதம் பதுளை ஸ்டேஷனில் செல்வி வீட்டாரை ஏற்றிவிட மொத்த லயமும் திரண்டு போனோம். கட்டிப் பிடித்து அழுகிறவர்களும் பெட்டி தூக்குகிறவர்களுமாக ஒரே நெரிசல். மேல்பிரிவிலிருந்து நிரைக்காரர் வந்துவிட்டார்.

"ஜன்னலுக்கு நேரா நெரயா நில்லுங்க. எல்லாரும் கையப் பிடிக்கணும். பிடிச்சவங்க பின்னால போங்க."

அவர் அப்படிப் பிரித்துவிட்டதால்தான் அன்று கடைசிக் கிழவர் வரைக்கும் செல்வி வீட்டாரின் கையைப் பிடிக்க முடிந்தது. கோச்சி நகரத் தொடங்கியபோது செல்வி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஐயா, எனக்கு எந்த நெர?"

அவர் கூடவே நடந்தார். "ஓர நெர. அது ஒன்னோடதுதான். யாருக்கும் குடுக்கமாட்டேன்."

கோச்சி போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எங்களுக்கு அதைப் பார்க்கத் தெரியாதா என்ன. ஆனால் யாரும் நிரையை விட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கடற்கரைகளுக்குப் போய்விட்டேன். எல்லாம் அடங்கலான ஹோட்டல்களிலும் தங்கியாயிற்று. இப்போதும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால், யாராவது எனக்கு ஒரு நிரையைக் கைகாட்டி விடுவார்களா என்று கொஞ்ச நேரம் கரையில் நிற்கிறேன். பிறகு ஓர நிரையை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்குகிறேன்.