வெயிலில் போட்டால் போய்விடும்

மஞ்சள் பட்டால் லேசில் போகாது என்பது எங்கள் வீட்டில் படிக்காதவர்களுக்கும் தெரியும். படித்த எனக்குத்தான் பட்டுத் தெரியவேண்டி வந்தது. (எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே பழியைப் பங்குபோடவும் ஆளில்லை.)

அது ஒரு நவம்பர் மாதம். கிழக்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில், நாலைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் ரிசெப்ஷன் வகுப்பில் நான் பயிற்சி ஆசிரியன். முதல் தடவை என் பாடத்தைப் பார்க்க வந்த பல்கலைக்கழக மேற்பார்வையாளர், "நீங்கள் பிள்ளைகளோடு பேசவில்லை, தரையில் கிடந்த கம்பளத்தோடுதான் பேசினீர்கள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது தடவையும் தவறினால் அந்தப் பயிற்சிக் காலம் முழுவதையும் அடுத்த வருடம் வேறு பள்ளியில் திரும்பச் செய்யவேண்டும். அப்பாவோ, அப்டன் பார்க்கில் தான் மீன் வெட்டும் கடைக்கு வருகிற சனம் எல்லோருக்கும் "மகன் வாத்தியாராப் போட்டான்" என்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

என் திட்டம் எளிமையானது. தட்டில் மணலைப் பரப்பி, விரலால் 'எஸ்' எழுதப் பழக்குவது. அம்மாவிடம் அதைச் சொன்னதுதான் ஆரம்பம்.

"மண்ணிலயோ? முதல் எழுத்தை ஆரும் மண்ணில தொடக்குவினமே?"

"அம்மா, அது கோயில் இல்லை. பள்ளிக்கூடம்."

"ஏடு தொடக்குறது எண்டா அரிசியிலதான். எனக்குத்தான் ஒருத்தரும் தொடக்கேல்லை. உன்ர பிள்ளையளுக்காவது ஒழுங்காச் செய் தம்பி."

அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். மூத்த பெண்ணாகப் பிறந்து, மற்றவர்களைத் தூக்கி வளர்த்ததோடு அவருடைய படிப்பு முடிந்தது. ஆகவே மணலை விட்டுவிட்டு அரிசிக்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் வகுப்பாசிரியை ஹெலனிடம் கொடுத்த பாடத்திட்டத்தில் மணல் மணலாகவே இருந்தது. (மணலும் பொடி, அரிசியும் பொடி என்பது என் விஞ்ஞானம்.)

மேற்பார்வையாளர் இரண்டாவது தடவை வரவிருந்த அன்று காலை, அம்மா இறுக மூடித் தந்த டப்பாவை வகுப்பில்தான் திறந்தேன். அரிசி முழுவதும் மஞ்சள். கலியாண வீட்டு அட்சதையேதான்! போனை எடுத்தேன்.

"என்னம்மா இது?"

"வெறும் வெள்ளை அரிசியில நல்ல காரியம் தொடங்கக்கூடாது. நீ பயப்பிடாமப் படிப்பி."

மாற்றுவதற்கு நேரமில்லை. மேற்பார்வையாளர் வந்து, முழங்கால் நெஞ்சைத் தொடும் சின்னக் கதிரையில் அமர்ந்துவிட்டார். வெளிர் நிறக் காற்சட்டை வேறு.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் குனிந்து எழுதினார்கள். டைலர் என்ற பையனின் சுட்டுவிரலைப் பிடித்து எஸ் இழுத்தேன். "பாம்பு!" என்று அவன் முகம் மலர்ந்தான். ஹெலன் தலையசைத்தார். நான் வாத்தியாராகிவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு டைலர் விரலை நக்கிவிட்டு அரிசிக்குள் குத்தினான். நக்கினால் அரிசி விரலில் ஒட்டும். இந்தக் கண்டுபிடிப்பு, நான் சொல்லிக்கொடுத்த எதையும் விட வேகமாக மேசைக்கு மேசை பரவியது. கை மஞ்சள், மூக்கு மஞ்சள், வெள்ளைச் சட்டை மஞ்சள். ஒரு சின்னப் பெண், மேற்பார்வையாளர் தனியாக இருக்கிறாரே என்று இரங்கி, ஓடிப்போய் அவருடைய முழங்காலைக் கட்டிப்பிடித்தாள்.

"எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்!" என்று கத்தினேன்.

மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். சமையலறைப் பக்கம் எட்டிப் பாராமல் படித்த படிப்பில் அது வரவில்லை. தொட்டியருகே நின்ற டைலர் தன் கைகளைப் பார்த்தான்.

"சேர்! இரத்தம்!"

ஒரு பிள்ளை அழுதால் மற்றப் பிள்ளை காரணம் கேட்பதில்லை. வகுப்பு முழுவதும் அழுதது. ஹெலன் முதலுதவிப் பெட்டியோடு ஓடினார். மேற்பார்வையாளர் மடிக்கணினியை மூடினார். அவ்வளவு அழுகைக்குள்ளும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

இடைவேளையில் மறுபடியும் போன்.

"அம்மா, மஞ்சளை என்னெண்டு போக்கிறது?"

"சவர்க்காரம் மட்டும் போட்டிடாத, சிவந்துபோம்."

நான் கை கழுவும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"போட்டிட்டியோ?"

"ஓம்."

"ஐயோ கடவுளே. சரி, வெயிலில போடச் சொல்லு. தன்பாட்டில போயிடும்."

பள்ளி விட்டதும் வாசலில் நின்று, ஒவ்வொரு பெற்றோரிடமும் அதையே சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு தகப்பன் குடையை விலக்கி வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எந்த நாட்டு வெயிலில்?" என்று கேட்டார். எங்கள் ஆள் ஒருவரும் வந்திருந்தார். மகளின் மஞ்சள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆருக்குக் கலியாணம்?" என்றார்.

"பாம்பு வரைக்கும் நன்றாக இருந்தது" என்றார் மேற்பார்வையாளர். "அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் என்ன எழுதுவது?" தவறினேன்.

வீட்டில் சொன்னபோது ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமல் கனநேரம் இருந்தார். அம்மா எழும்பிக் குசினிக்குப் போனார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் கறியெல்லாம் வெள்ளை. மஞ்சள் போட்டு வைக்கும் தேங்காய்ப்பால் சொதிகூட வெள்ளை. மஞ்சள் போத்தல் எங்கே போனதென்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ஸ்ட்ரெதத்தில் ஒரு பள்ளியில் அதே பயிற்சியைத் திரும்பச் செய்கிறேன். லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, விடியுமுன் வெளிக்கிடவேண்டும். பெட்டியில் மணல்தான் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு நாளும் நான் சப்பாத்துப் போடும்போது அப்பா யன்னல் திரையை விலக்கி, இருட்டை உற்றுப் பார்த்துவிட்டு அறிவிப்பார்:

"வாத்தியார், இண்டைக்கும் வெயில் இல்லை."

தங்கச்சி கட்டிலில் கிடந்தபடியே சிரிப்பாள். அம்மா மட்டும் இன்னும் சிரிப்பதில்லை. மீன் கடையில் என்னைப் பற்றிச் சொன்னதை அப்பா இன்றுவரை திருத்தவும் இல்லை. இந்த ஊரில் என்னை வாத்தியார் என்று கூப்பிடுகிற ஆள் இப்போதைக்கு அவர் ஒருவர்தான். அதனால் நானும் எழும்பிப் போய், அவருக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துவிட்டு, "ஓம் அப்பா, இல்லை" என்கிறேன்.