நாலு ஸ்பீக்கரும் ஒரு லஸ்த்ரியும்

இனிமேல் காருக்குள் மனைவி லஸ்த்ரியின் குரல் கேட்கக் கூடாது என்று சுகெங் தீர்மானம் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயெல்லாம் நுரை. அதனால் தீர்மானத்தை வெளியே சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்தோனேசியாவின் மாலாங் நகரில் கோழித் தீவனக் கடை வைத்திருந்தார் சுகெங். கட்டிய மனைவியிலிருந்து காய்கறிக்காரி வரை எல்லாரும் அவரை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஆண்களை மரியாதையாக அழைக்கும் ஊர் வழக்கம். மற்றபடி அந்தச் சொல்லுக்குத் தமிழில் இருக்கிற மிடுக்கு அவரிடம் மருந்துக்கும் கிடையாது. கோழிகள்கூட அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகாது.

போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினார். அதில் பிரேக் அவர் காலில் இருந்தது. கிளட்ச் அவர் காலில் இருந்தது. ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது. ஆனால் கார் ஓடியது லஸ்த்ரியின் வாயில்.

"மாஸ், லாரி. மாஸ், பள்ளம். மாஸ், பள்ளத்துல லாரி. மெதுவா. இவ்வளவு மெதுவாவா? நடந்து போறவர் நம்மளத் தாண்டிப் போறார் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பிலித்தாரில் அவள் தம்பிக்குக் கல்யாணம். வழிநெடுக அந்தக் குரலோடு போகவேண்டும். நினைக்கும்போதே சுகெங்குக்குக் காது அடைத்தது. ஸ்டியரிங் கையில் இருந்து பயனில்லை. ஸ்டீரியோவாவது கையில் இருக்கட்டும். அன்றைக்கே போய் ஒரு ஸ்டீரியோவும் நாலு ஸ்பீக்கரும் வாங்கிவந்தார்.

"எதுக்கு மாஸ் இது?" என்றாள் லஸ்த்ரி. கல்யாணத்துக்கு லெம்பர் என்கிற வாழையிலைப் பலகாரம் செய்ய ஒட்டரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தான். வழியெல்லாம் நீ டங்டுட் பாட்டு கேட்டுட்டே வரலாம்."

"எனக்காகவா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு மாட்டுவா?"

"நான்தான்."

"நீங்களா? போன மாசம் சுவத்துல ஒரு ஆணி அடிச்சீங்க. இன்னும் பக்கத்து வீட்டுக்காரர் அதுலதான் சட்டை மாட்டறார்."

பக்கத்து வீட்டுக்காரர் என்றதும் பாக் கர்டி வேலிக்கு மேலே தலையை நீட்டினார். ஓய்வு பெற்ற மனிதர்; 'பாக்' என்றால் அங்கே 'ஐயா'. யார் வீட்டு வாசலில் எதைக் கழற்றினாலும் மேற்பார்வை பார்க்க வந்துவிடுவார்.

வேலை ஆரம்பமானது. சுகெங் பழைய ரேடியோவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பாக் கர்டி சுகெங்கைப் பிடித்து இழுத்தார். ரேடியோ வந்தது. கூடவே சிகரெட் சாம்பல் கிண்ணமும், முன்பலகையில் பாதியும் வந்தன. உள்ளேயிருந்து ஒரு கொத்து ஒயர், கொல்லையில் கோழி கிளறிய குடல் மாதிரி தொங்கியது.

காரின் பிளக் ஒரு வடிவம். ஸ்டீரியோவின் வால் வேறு வடிவம். இரண்டுக்கும் ஒட்டவில்லை.

"பிளக்கை அறுத்துடலாமா பாக்?"

"அறுத்துடுங்க மாஸ் சுகெங். ஒயரு போனா போகுது, உயிரா போகுது?"

சுகெங் கத்தியை ஓங்கினார். சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "மாஸ்! அது என் மிளகாய்க் கத்தி. வச்சுடுங்க."

கத்தி திரும்பிப் போனது. பிளக் பிழைத்தது. வேறு வழியில்லாமல் ஸ்டீரியோவின் ஒயர் முனைகளை உரித்து, காரின் பிளக்கில் இருந்த ஓட்டைகளுக்குள் ஒவ்வொன்றாகச் சொருகினார். மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்கு சிவப்பு. நிறப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்தார். மாப்பிள்ளை வீட்டு மஞ்சளும் பெண் வீட்டு மஞ்சளும் ஒரே குணமாக இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? சாவியைத் திருப்பியதும் 'டப்' என்றது. மெல்லிய புகை ஒன்று எழுந்து, பாக் கர்டியின் மீசையைத் தடவிவிட்டுப் போனது.

"வேலை செய்யுது!" என்றார் பாக் கர்டி.

"எது?"

"ஃபியூஸு. எரியவேண்டிய நேரத்துல எரிஞ்சிருக்கு பாருங்க."

ஃபியூஸை மாற்றி, ஒயர்களையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தார்கள். பொழுது சாயும்போது ஸ்டீரியோ பாடியது! சுகெங் குதித்தார். பாக் கர்டி இடுப்பை ஆட்டி ஒரு டங்டுட் ஆட்டம் போட்டார். ஆனால் ஒவ்வொரு முறை காரை அணைத்துப் போடும்போதும் ஸ்டீரியோவில் மணி பன்னிரண்டுக்குப் போனது. பிடித்துவைத்த வானொலி நிலையம் எல்லாம் அழிந்துபோனது.

லஸ்த்ரி வந்து பார்த்தாள். "ராத்திரி சொன்னது காலையில ஞாபகம் இருக்காது. உங்களுக்குப் பொருத்தமான பெட்டிதான் மாஸ்."

ரோஷம் வந்துவிட்டது. சுகெங் இன்னும் இரண்டு ஒயரை இடம் மாற்றினார். இப்போது மணியும் மாறவில்லை, நிலையமும் அழியவில்லை. எல்லாவற்றையும் மூடித் திருகியபோது கையில் மூன்று திருகு மிச்சம்.

"கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருப்பான்," என்று பாக் கர்டி அவற்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை காரை எடுக்கப் போனார் சுகெங். சாவியைத் திருப்பினார். கார் முனகக்கூட இல்லை. ஸ்டீரியோ இரவெல்லாம் விழித்திருந்து பாட்டரியை ஒட்டக் குடித்து முடித்திருந்தது. தெருவே திரண்டு தள்ளியது. கார் தெருமுனை வரை போனது, அங்கேயும் கிளம்பவில்லை. தெருவே மறுபடி திரண்டு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது.

"நாளைக்குக் கல்யாணம்," என்றாள் லஸ்த்ரி. அவ்வளவுதான் சொன்னாள். அவள் சுருக்கமாகப் பேசினால்தான் சுகெங்குக்கு நடுக்கம். பாட்டரியைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சார்ஜ் ஏற்ற ஒரே ஓட்டமாக ஓடினார்.

திரும்பி வந்து பார்த்தால், முன்பலகை முகம் கழுவிய மாதிரி இருந்தது. ஒரு ஒயர் வெளியே தெரியவில்லை. பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஸ்டீரியோ பாடியது. அணைத்தால் அணைந்தது. போட்டால் எல்லாம் ஞாபகம் வைத்திருந்தது.

"யாரு மாட்டினது?"

"நான்தான். ஸ்டீரியோ வந்த பெட்டியில கெருப்புக் அப்பளம் போட்டு வைக்கலாம்னு எடுத்தேன். அடியில இந்தக் காருக்கான பிளக்கு கெடந்துச்சு. ஒரு தலை காருக்கு, ஒரு தலை ஸ்டீரியோவுக்கு. சொருகினேன். பாக் கர்டி பையிலேருந்து அந்த மூணு திருகையும் வாங்கிப் போட்டேன்." கையை நீட்டினாள். "உங்க போனைக் கொடுங்க. ஸ்டீரியோவோட சேர்த்துத் தர்றேன். பாட்டு அதுலேருந்தே வரும்."

கொடுத்தார். அசடு வழிந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். யார் மாட்டினால் என்ன? சத்தம் வரப்போகிறது, குரல் போகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் காத்திருந்தது.

"மாஸ், லெம்பர் தட்டெல்லாம் நசுங்காம பாத்துக்கணும். நான் அக்கா வேன்ல வர்றேன். அம்மாவும் அதுலதான் வர்றாங்க. நீங்க பாக் கர்டியோட பாட்டு கேட்டுட்டே முன்னால போங்க."

சுகெங் முகத்தை மிகவும் சிரமப்பட்டு வாட்டமாக வைத்துக்கொண்டார். "நீ இல்லாம எப்படி லஸ்..." என்றார். அடுத்த நொடி கார் தெருவில் இல்லை.

ஆகா, அது ஒரு பயணம்! ஜன்னல்கள் நாலும் இறக்கம். வால்யூம் உச்சத்தில். டங்டுட் மத்தளம் இருக்கைக்கு அடியில் புகுந்து இருவரையும் தூக்கித் தூக்கிப் போட்டது. கெபாஞ்சென் தாண்டியது. கரங்காத்தெஸ் அணை தாண்டியது. மோட்டார் சைக்கிளில் போனவர்களெல்லாம் பாட்டுக்காகவே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். சுகெங் பாடினார். பாக் கர்டி கதவில் தாளம் போட்டார். பள்ளம் வந்தது, யாரும் சொல்லவில்லை. விழுந்தார்கள். அதுகூட இனித்தது.

விலிங்கி சந்தைக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு சட்டென்று நின்றது. ஸ்டீரியோவின் திரையில் ஏதோ எழுத்து ஓடியது. பாக் கர்டி கண்ணாடி கொண்டுவரவில்லை.

"பிளக்கு லூஸாயிருக்கும்," என்றார் சுகெங். "பொம்பளை மாட்டினது அவ்வளவுதான். போகட்டும். பாக், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். இந்த ஸ்டீரியோ பாட்டு கேக்கறதுக்கு வாங்கினது இல்ல."

"பின்னே?"

"லஸ்த்ரி பேச்சைக் கேக்காம இருக்கறதுக்கு!"

பாக் கர்டி தொடையில் தட்டிச் சிரித்தார். "அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எங்கே தெரியப்போகுது? அவ காதுல விழவா போகுது?"

"விழுது மாஸ்," என்றது கார். "ரொம்பத் தெளிவா விழுது."

முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. நாலு திசையிலும் லஸ்த்ரி. பாக் கர்டி பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இருக்கைக்கு அடியிலும் பார்த்தார்.

"லஸ்! எ... எங்கேருந்து பேசறே?"

"உங்களுக்குப் பின்னாலதான். கண்ணாடியில பாருங்க."

பார்த்தார். வெள்ளை வேன். ஜன்னல் வழியாக ஒரு கை அசைந்தது.

"நான் போனை எடுக்கவே இல்லையே!"

"நான் கூப்பிட்டா தானா எடுத்துக்கும். நேத்து நான்தான் அப்படி வச்சேன். வண்டி ஓட்டும்போது நீங்க போனைத் தொடக் கூடாது பாருங்க. உங்க மேல எனக்கு அவ்வளவு அக்கறை."

"நல்ல பெட்டி மாப்பிள்ளை," என்றது இன்னொரு குரல். மாமியார். "நீங்க ஆடினது பின்னாலேருந்தே தெரிஞ்சுது. பாடினதும் இங்கே கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

வேன் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு நாலு ஸ்பீக்கரிலும் டங்டுட் மத்தளத்தைவிடப் பலமாக அதிர்ந்தது. பாக் கர்டி வெட்கமில்லாமல் கண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் சிரித்தார்கள். கடைசியில் சுகெங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வால்யூமைக் குறைக்கத் தடவினார். ஸ்டீரியோ புதிது. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

"மாஸ், மெதுவா. சந்தை வந்துடுச்சு. இடது பக்கம் திரும்புங்க!"

அவ்வளவு சத்தத்தில், அவ்வளவு அதிகாரத்தில் விலிங்கி சந்தையில் அதுவரை யாரும் கட்டளையிட்டதில்லை. மோட்டார் சைக்கிள்கள் சடசடவென்று இடது பக்கம் திரும்பின. ஒரு காய்கறி லாரி திரும்பியது. வாத்துக்கூண்டு கட்டிய சைக்கிள் ஒன்றும் திரும்பியது. சுகெங் இன்னும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாஸ்," என்றன நாலு ஸ்பீக்கரும், "ஊரே நான் சொன்னபடி திரும்பிடுச்சு. கட்டின புருஷன் நீங்க மட்டும் ஏன் நேரா போறீங்க?"