பெஞ்சு மேல் நின்ற வாத்தியார்

பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கணக்கு தப்பினால் பெஞ்சு, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் பெஞ்சு, பக்கத்தில் உட்கார்ந்தவன் சிரித்தால் நமக்கும் சேர்த்துப் பெஞ்சு. ஆனால் பிள்ளைகள் ஏறச் சொல்லி, தானே ஏறிக் கைகட்டி நின்ற வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு நாள் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. தலைமையாசிரியரைத் தவிர அதை யாரும் சொன்னதில்லை. குப்பம் முழுக்க அவர் பெஞ்சு சார்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் இடையில் கடலை ஒட்டிய மீனவக் குப்பத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டு வகுப்புக்கு ஐந்து அறை. நான் செங்கல்பட்டில் பிறந்து, செங்கல்பட்டிலேயே டீச்சர் ட்ரெயினிங் முடித்து, தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து நாலாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வயது இருபத்துமூன்று. வாய்க்கு மட்டும் ஐம்பது வயது என்று அம்மா சொல்வாள்.

ட்ரெயினிங்கில் துணைக்கருவி செய்வதில் எனக்கு முதல் பரிசு. சார்ட் வரைந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். அத்தனையையும் சுவரில் வரிசையாக மாட்டி, எட்ட நின்று பார்க்கணும், தொட்டால் தோலை உரிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். தலைமையாசிரியர் எனக்கும் ஒரு படி மேலே. அவரைப் பெரிய சார் என்போம். அவர் அறை பீரோவில் ஒரு பூகோள உருண்டை இருந்தது, வந்த உறையைக்கூடப் பிரிக்காமல். பிள்ளைகள் கை பட்டால் நாடெல்லாம் அழிந்துவிடும் என்று அவருக்குப் பயம். ஆக மொத்த உலகத்தையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார் மனுஷர்.

இந்த லட்சணத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜூன் மாதம் இரண்டு கோணிப்பைகளோடு வந்து இறங்கினார் பெஞ்சு சார். மதுராந்தகம் பக்கத்து ஆள். ஒல்லி, உயரம், காலர் கிழிந்த வெள்ளைச் சட்டை.

"இன்னாய்யா இது, மூட்டையும் முடிச்சுமா? குடித்தனம் பண்ணவா வந்தே?" என்றார் பெரிய சார்.

"பாடம் சார்," என்றார் இவர்.

கோணியைக் கொட்டினால் உடைந்த தராசு, சைக்கிள் மணி, கண்ணாடிச் சில்லு, தேங்காய் ஓடு, கிழிந்த வலை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காத எதுவும் மண்டையில் நிற்காது என்பது அவர் கட்சி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு விஞ்ஞானமும் பூகோளமும் அவரிடம். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அங்கே நடப்பதெல்லாம் இங்கே கேட்கும். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான்.

வந்த முதல் நாளே சட்டத்தை அறிவித்துவிட்டார். அவர் கேட்டு உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் பெஞ்சு மேல். நீங்கள் கேட்டு அவருக்குத் தெரியாவிட்டால் அவர் பெஞ்சு மேல். கேள்வி கேட்டவர் இறங்கு என்று சொன்னால்தான் இறங்கலாம். பிள்ளைகள் இதை நம்பவே இல்லை. மூன்றாம் நாள் ஒருத்தன் பயந்துகொண்டே, நண்டு ஏன் சார் சைடு வாங்கியே நடக்குது என்று கேட்டான். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலடா என்று ஏறி நின்றுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் தூக்கத்திலும் கேள்வி யோசித்தார்கள். ஒருமுறை மீனா என்ற எட்டாம் வகுப்புப் பெண், அவரை ஏற்றிவிட்டு இறங்கச் சொல்ல மறந்து சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்வரை இவர் பெஞ்சு மேலேயே. சாப்பாட்டுத் தூக்கை நான்தான் எட்டிக் கொடுத்தேன். நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டார்.

"இறங்கித் தொலைங்களேன் சார், யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நீங்க பாக்கறீங்களே டீச்சர்," என்றார். எனக்கு முகம் சுட்டது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பூகோள உருண்டை கிடைக்காததால் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தார். மீன் வலையை அதன் மேல் இறுக்கிப் போர்த்தி, குறுக்கே போகிற கயிறு அட்சரேகை, மேலும் கீழும் போகிறது தீர்க்கரேகை, ஊர்களெல்லாம் கண்ணிக்குள் மாட்டிய மீன் என்றார். வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பாடம் முடிந்ததும் கழுவி, மதிய உணவுக்கு ஆயாவிடம் கொடுத்துவிட்டார். பூமி அன்று சாம்பாரில் வெந்தது. ஆஸ்திரேலியாவில் பாதி என் தட்டில் விழுந்தது, கொஞ்சம் உப்புக் குறைச்சல். பூமிக்குள்ளேயும் விதை கீதா சார் என்று ஒருத்தன் கேட்க, மறுபடியும் பெஞ்சு.

இன்னொரு நாள் கிரகங்கள். பிள்ளைகளை மணலுக்குக் கூட்டிப் போய், ஒருத்தியைச் சூரியனாக நிற்க வைத்து, மற்றவர்களைச் சுற்றி ஓடவிட்டார். புளூட்டோ ஆக வேண்டியவனிடம், நீ ரொம்ப தூரம் போகணும்டா என்று சொல்லிவிட்டார். அவன் போனான். போனான், போனான், சதுரங்கப்பட்டினம் சாலைவரை போய், அங்கிருந்த அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். மாலையில் புளூட்டோவின் அம்மா வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திய கத்தலில் பெரிய சார் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததா என்றால், முதல் வருஷம் எரிச்சல்தான் வந்தது. துணைக்கருவியில் பரிசு வாங்கியவள் நான். இவர் கோணியும் பூசணிக்காயுமாக வந்து ஊரைக் கட்டிப் போட்டால் எப்படி இருக்கும்? ஒருநாள் வேண்டுமென்றே அவரை அழைத்து என் மீன் சார்ட்டைக் காட்டினேன். செதில் செதிலாக வண்ணம் தீட்டியது. ஒரு வருஷமாக நாலாம் வகுப்புச் சுவரில் இருக்கிறது.

பார்த்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "டீச்சர் மீன் எப்படிடா இருக்கு?" என்றார்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சும்மா சொல்லுங்க, டீச்சர் அடிக்க மாட்டாங்க," என்றார். கடைசி வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்தாள்.

"மீனுக்கு ஏது சார் இமை? இந்த மீனு மை வச்சிகினு கீது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் மரக்கறிக் குடும்பம். மீனைக் குழம்பில்கூடப் பார்த்ததில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கண்ணுக்கு இமையும் மயிரும் வைத்து வரைந்திருக்கிறேன். விடிந்தால் மீன் முகத்தில் விழிக்கிற நாற்பது பிள்ளைகள் ஒரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். காரணம் என்ன? நான் கேட்டதே இல்லை. அவர்கள் சொல்ல நான் விட்டதும் இல்லை. அன்று பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை அழுதேன். அவமானத்தில்தான். ஆனால் மறுநாள் சார்ட்டைக் கழற்றி மேஜை மேல் போட்டு, வாங்க, வந்து திருத்துங்க என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் மணி ஒரு தரம் அடித்தது. அந்த மணிச் சத்தத்துக்குப் பிறகு எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப் போய்விட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, இந்த வயசில்?

அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருஷம் பள்ளியைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் எங்கள் பள்ளியிலேயே இருப்பார். இல்லாவிட்டால் எங்கே தூக்கிப் போடுவார்களோ தெரியாது. பெரிய சார் அவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "அந்த ஒரு நாளு மட்டும் பெஞ்சு மேல ஏறாதய்யா. நான் உலகத்தையே உனக்குத் தரேன்." சொன்னபடி பீரோவைத் திறந்து உருண்டையையும் கொடுத்தார். நான் திருக்கழுக்குன்றத்து மலையேறி வேண்டிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். பள்ளிக்கூட நன்மைக்கு என்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல சாப்பாட்டுப் பிரியர். வறுத்த வஞ்சிரம் தயாராகிற வாசனை வகுப்புவரை வந்துகொண்டிருந்தது. ஏழாம் வகுப்பில் உருண்டையை வைத்து அருமையாகப் பாடம் நடந்தது. பிள்ளைகள் இந்தியாவைக் காட்டினார்கள், ஜப்பானைக் காட்டினார்கள். நானும் பெரிய சாரும் வாசலில் நின்றோம். இன்ஸ்பெக்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"கெட்டிக்காரப் பசங்க. என்கிட்ட எதனா கேக்கணுமா? கூச்சப்படாம கேளுங்க," என்றார்.

பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார். கன்னியம்மா எழுந்தாள். அப்பா கட்டுமரம், அம்மா மீன்கூடை. அவர்கள் வீட்டில் குழம்பு வைப்பதே இவள்தான்.

"சார், மீனு பொறந்ததுலேர்ந்து உப்புத் தண்ணியிலயே கீது. அப்பால கொழம்புல நாம ஏன் சார் உப்பு போடறோம்? அதுவே கரிக்கணுமே?"

இன்ஸ்பெக்டர் சிரித்துப் பார்த்தார். "அது வந்து... எனக்குச் சரியாத் தெரியலயேம்மா."

"அப்ப பெஞ்சு மேல ஏறுங்க சார்," என்றாள் கன்னியம்மா, வெகு மரியாதையாக, தன் புத்தகங்களை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்து.

இன்ஸ்பெக்டர் முகம் கறுத்தது. "என்னய்யா பழக்கம் இது?" என்றார் பெஞ்சு சாரிடம். பிள்ளைங்க விளையாட்டு சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று நான் மனசுக்குள் கதறுகிறேன். அவர் கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாது சார்," என்று சொல்லிவிட்டு ஏறிக் கைகட்டி நின்றார்.

"எங்களுக்கும் தெரிலயே," என்றது ஒரு குரல். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் பெஞ்சு மேல் ஏறியது. தரையில் நின்றது மூன்று பேர். இன்ஸ்பெக்டர், பெரிய சார், நான்.

எனக்கும்தான் தெரியாது. நானும்தான் ஏறியிருக்க வேண்டும். வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு காலியாகக்கூட இருந்தது. பெஞ்சு சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

இன்ஸ்பெக்டர் வஞ்சிரத்தைத் தொடாமல் ஜீப் ஏறினார். ஒரே மாதத்தில் உத்தரவு வந்தது. திருத்தணிப் பக்கம் ஏதோ மலையடிவாரத்துப் பள்ளி. வேலை போகவில்லை, அதுவரை நல்லது. குப்பமே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தது. புளூட்டோவின் அம்மா கருவாட்டுப் பொட்டலம் கொடுத்து, "போய்ட்டு வா நைனா, அங்க எவனையும் தொலைச்சிடாத," என்றாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, கோணிப்பைகளைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அந்தப் பக்கம் டீச்சர் பத்தலையாம். மாத்தல் கேட்டா உடனே கெடைக்கும்ங்கறாங்க. நீங்க கேப்பீங்களா டீச்சர்?"

என் வாய் ஐம்பது வயது வாய் என்றேனே, அன்று பார்த்து அது ஒன்றும் அறியாத வாயாகிவிட்டது. அப்பா என்ன சொல்வார், அம்மா என்ன சொல்வாள், ஜாதி என்ன, சனம் என்ன என்று எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றது.

"தெரியல சார்," என்றேன்.

"தெரியலன்னா என்ன பண்ணணும்னு தெரியுமில்ல," என்று சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஏழாம் வகுப்புக்கு ஒரு கார்டு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். ஒரு லைப்ரரியில் தேடிப் பிடித்தாராம். கடல் மீன் உப்புத் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்கிறது, மிஞ்சுகிற உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது, அதனால் கறியில் உப்பு ஏறுவதில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில், கன்னியம்மா இனி என்னை இறங்கச் சொல்லலாம் என்று ஒரு வரி. கன்னியம்மா எழுந்து வந்தாள். என் கையிலிருந்த கார்டைப் பார்த்து, "எறங்குங்க சார்," என்றாள். சொல்லிவிட்டுத் தாவணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கென்று அதில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? பதில் சொல்ல வேண்டியவள் நானல்லவா.

அன்று பிள்ளைகள் போனதும் ஏழாம் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, வாசலோரத்துப் பெஞ்சு மேல் ஏறிக் கைகட்டி நின்றேன். கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் நானாகவே இறங்கிவிட்டேன். சட்டப்படி அது செல்லாது. கேள்வி கேட்டவர் இன்னும் என்னை இறங்கச் சொல்லவில்லை.