நூறு சதவீதக் காலியிடம்

“மாமனோட மீசையைக் கொஞ்சம் குறைக்கணும்,” என்றார் ஷிஜு சார், சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்தபடி.

சின்னையன் தன் நோட்டீசை எட்டிப் பார்த்தார். மேலே குலதெய்வம். கீழே தாய்மாமன், இரண்டு மச்சான்கள், மாப்பிள்ளை மோகனசுந்தரம், நால்வரும் கைகூப்பி. தென்னங்கன்று விற்பனைக்கு என்ற செய்தி கிடைத்த மூலையில் ஒதுங்கி நின்றது. கொழிஞ்சாம்பாறையில் சொந்தபந்தம் இல்லாமல் நோட்டீஸ் அடிப்பவன் அனாதை.

“மீசையை எடுத்தா மாமன் கோவிச்சுக்குவாருங்க.”

“காலியிடம் முப்பது சதவீதம் வேணும். சட்டம்.”

உள்ளூர் விளம்பர அழகியல் மேம்பாட்டுப் பிரிவு அவ்வாண்டுதான் உதயமாகியிருந்தது. ஷிஜு சார் அதற்காக மூன்று நாள் பயிற்சி பெற்றவர். அவர் முத்திரையில்லாமல் எந்த அச்சகமும் நோட்டீஸ் அடிக்கக்கூடாது.

சின்னையனுக்கோ அவசரம். வீட்டுக்குப் பின்னால் ஆயிரத்து இருநூறு கன்றுகள் பைகளில் நின்றன. மழை பிடிப்பதற்குள் விற்காவிட்டால் வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கிவிடும். அப்புறம் பிடுங்கினால் பட்டுப்போகும்.

அரை மீசையோடு மாமனை நிறுத்துவதைவிட எடுத்துவிடுவதே மரியாதை என்று எடுத்தார். மாமனே இல்லாத இடத்தில் மச்சான்களுக்கு என்ன வேலை? அவர்களும் போனார்கள். மாப்பிள்ளை படமும் போனது; தொடர்புக்கென்று போட்டிருந்த அவர் போன் நம்பர் மட்டும் நின்றது. மறுநாளே மோகனசுந்தரம் வந்து நின்றார்.

“என்ற படத்தை எடுத்துப்போட்டு நம்பரை மட்டும் வெச்சிருக்கறீங்க. ஆளு வேண்டாம், போன் மட்டும் வேணுமாக்கும்?”

நம்பரும் போனது.

“உங்க நம்பரைப் போடறதுதானுங்க,” என்றாள் மனைவி பூவாத்தாள்.

“அவரு நம்பரை எடுத்துட்டு என்ற நம்பரைப் போட்டா, மறுக்கா இந்த ஊட்டுப்படி ஏறுவாரா?”

இரண்டாம் முறை போனபோது ஷிஜு சார் எழுந்து நின்று கை கொடுத்தார். “எழுபது சதவீதம்! சாமி படம் மட்டும்தான் கொஞ்சம் நெருடுது.”

“மனுசங்களே இல்லாத எடத்துல சாமி மட்டும் தனியா எதுக்குங்க? எடுத்துருங்க.”

“இந்த ஊர்ல தென்னங்கன்று தெரியாதவங்க உண்டா?”

“இல்லீங்க.”

“தெரிஞ்சதை எதுக்கு அச்சடிக்கணும்?” சிவப்புப் பேனா ஓடியது. “இப்போ ‘விற்பனைக்கு’ மட்டும் நிக்குது. எது விற்பனைக்குன்னு ஜனங்க குழம்புவாங்க.” அதையும் அடித்தார்.

முத்திரை அழகைக் கெடுக்கும் என்பதால் பின்பக்கம் விழுந்தது. அச்சகம் ஐநூறு பிரதிகளைப் பிழையின்றி அடித்துக் கொடுத்தது.

அது மாவட்டத்தின் சிறந்த விளம்பரமாகத் தேர்வானது. பிறகு யார் சும்மா இருப்பார்கள்? ஜவுளிக்கடை வெள்ளைத் தாள் ஒட்டியது. கல்யாண மண்டபம் அதைவிடப் பெரிய வெள்ளைத் தாள் ஒட்டியது. ஒரு நாள் பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்தில் பளபளவென்று வெள்ளையாக ஒரு கண்ணீர் அஞ்சலி. செத்தது யாரென்று தெரியாவிட்டாலும் பெரிய இடத்துச் சாவு என்பது எல்லோருக்கும் புரிந்தது.

கன்று கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை. மழை வந்தது. பைகள் கிழிந்தன.

“முன் வரிசைல அறுவது கன்னுக்கு வேர் இன்னும் எறங்கலீங்க,” என்ற பூவாத்தாள், வாசல் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசில் கரித்துண்டால் எழுதினாள்: தென்னங்கன்று இங்கே கிடைக்கும்.

அன்று சாயங்காலம் பரிசுக் கேடயத்தோடு ஷிஜு சார் வந்தார். அவர் பார்வை கேட்டில் சற்று நின்றது. அழகைக் கெடுத்த கரிக்கறையைப் பெருந்தன்மையாக மன்னித்து உள்ளே வந்தார். காப்பி குடித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார். “வீட்டுல வைக்க நாலு தென்னங்கன்று வேணும். ரெண்டு மாசமாத் தேடறேன். எங்கேயும் ஒரு விளம்பரம் கூடக் காணோம்.”

“நாங்க விக்கறமுங்களே,” என்றாள் பூவாத்தாள்.

“அப்படியா? சொல்லவே இல்லையே!”

“நோட்டீஸ் அடிச்சமுங்களே சார்.”

“ஆமாமா. அது ரொம்ப நல்ல நோட்டீஸ்.”

நான்கு கன்றுகளை ஜீப்பில் ஏற்றி, சின்னையன் கேட்வரை வந்து வழியனுப்பினார். ஜீப் திரும்பியது. அவர் கேடயத்தை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டு நுனியை எச்சிலில் நனைத்து, நோட்டீசில் இருந்த கரி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.