வெட்டாதை அண்ணையின் அட்டவணை

எங்கள் கொட்டியாரக் குடாக் கடலையே ஒரு ஸ்லைட்டுக்குள் அடக்கிக் காட்டக்கூடிய மனுசன் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வெட்டாதை அண்ணை. என்ன, அந்தக் கடலில் ஒரு மீனையும் நீங்கள் பார்க்க ஏலாது. அவ்வளவு சின்னனாய் இருக்கும்.

எங்கள் பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில், மீனவருக்கு உதவும் அலுவலகமொன்றில் நானும் அவரும் வேலை செய்தோம். எக்ஸெல் அட்டவணை அவருடையது. அதைக் கூட்டத்துக்கு ஸ்லைட்டாக்குவது என் தலையெழுத்து. மாவட்டத்து மீனவ ஊரெல்லாம் வடக்கிலிருந்து தெற்காக அதில் நிற்கும். ஸ்லைட்டில் ஒட்டினால் அடிப்பக்கம் வெளியே தொங்கும். நான் வெட்டப் போனால் பின்னாலிருந்து சத்தம் வரும்: "வெட்டாதை தங்கச்சி!" பெயர் வந்தது அப்படித்தான்.

ஒருமுறை எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி முழுவதையும் ஏற்றிவிட்டார். எங்கள் மேலதிகாரி கிண்ணியா ஆள். நல்ல மனுசன், கோபம் மட்டும் மூக்கு நுனியில். "இதென்ன, எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு?" என்றார். அண்ணை தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இதைப் போட்டுப் பாருங்கோ சேர்."

அடுத்த முறை பல ஸ்லைட்டாகப் பிரித்தார். தலைப்பு வரி முதல் ஸ்லைட்டிலேயே நின்றுவிட்டது; மற்றதில் எந்த எண் எதுக்கென்று தெரியாது. நிலாவெளியில் இவ்வளவு ஐஸ் அறையா என்று ஒரு விருந்தாளி கைதட்டப் போனார். "ஐயோ சேர், அது பழுதாப்போன எஞ்சின்!" என்றார் அண்ணை.

மேலதிகாரிக்கு ஏறிவிட்டது. "இனி மேல்பாதி மட்டும் காணும். மிச்சத்தை வெட்டுங்கோ."

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். ஓர் ஊருக்கு ஐஸ் அறை கட்டித் தருவார்கள். எந்த ஊரென்று திரையைப் பார்த்து அங்கேயே முடிவு செய்வார்கள். ஐஸ் இல்லாமல் ஆகக் கூடுதலாக மீன் பழுதாகிற ஊர் வெருகல். அட்டவணையில் கடைசியும் அதுதான்.

"வரிசையை மாத்தினால் என்ன அண்ணை?"

"மாத்தினால் வேற ஊர் அடியில போகும். அது பாவமில்லையே?"

"நீங்கள் சாம்பல்தீவு ஆள். உங்கட ஊர் மேல பத்திரமா நிக்குது. பிறகென்ன?"

"மேல நிண்டு பார்த்துக்கொண்டிருக்க ஏலாமக் கிடக்கு தங்கச்சி," என்றார்.

கூட்டத்தன்று காலை ப்ரொஜெக்டரைக் காணவில்லை. தேடினால், துறைமுகப் பக்கம் ஒரு வலைக் கொட்டிலில் இருக்கிறது! ப்ரொஜெக்டரைப் பின்னுக்கு இழுத்தால் அந்த எறும்பு எழுத்தும் பெரிசாகுமாம், அண்ணையின் கணக்கு. அதனால் நீளக் கொட்டிலின் ஒரு முனையில் அதை வைத்து, மறுமுனையில் வெள்ளைச் சீலை கட்டி, வெளிச்சம் வரும் ஓட்டையெல்லாம் சாக்கால் அடைத்திருந்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் மேலதிகாரி.

"ஓம் சேர். இருங்கோ."

வேறு வழியில்லாமல் அங்கேயே கூட்டிவந்த கொழும்புக்காரர் மீன்பெட்டிகளில் குந்தினார்கள். ஊர்ப் பெயரெல்லாம் சீலையில் கொட்டை எழுத்தில் வந்தன. வெருகல் மட்டும் சீலை முடிந்து, கீழே குவிந்து கிடந்த கறுத்த வலையில் விழுந்து மறைந்தது. அண்ணை எழும்பி முன்னுக்குப் போனார். போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி வலைக்கு மேல் விரித்தார். வெருகல் வந்துவிட்டது.

வந்தவர்களில் பெரிய பதவியிலிருந்த அம்மா எழும்பி வந்து, அந்தச் சட்டைக்கு முன்னால் குந்தியிருந்து வரி முழுவதையும் வாசித்தார். "இவ்வளவு மீனையும் எறியிறாங்களா?" என்றார். பிறகு, "இங்கதான் கட்டவேணும்."

அதுக்குக் கொஞ்சக் காலத்தில் மகள் கூப்பிட்டாளென்று அண்ணை கனடா போய்விட்டார். இப்போது எங்கள் கூட்டமெல்லாம் தேத்தண்ணி ஆற முதல் முடிகிறது. ஒரு சண்டையில்லை, ஒரு சிரிப்புமில்லை.

போன கிழமை வெருகல் ஐஸ் அறைக்குப் போனேன். கதை அங்கேயும் போயிருக்கிறது. மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "உங்கட அந்தச் சட்டை கழட்டின ஐயா சுகமா இருக்கிறாரோ?"

"கனடாவில இருக்கிறார்."

"அங்க சரியான குளிராமே. அங்கயும் கழட்டிப்போட வேணாமெண்டு சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன். நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஏலாமல் கிடக்கு அண்ணை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.