ட்ரெபிள் செல்வரட்ணம்

பாட்டுக் கேட்பவர்கள் ஒரு ரகம். பாட்டுப்பெட்டியைக் கேட்பவர்கள் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகத்தைப் பற்றி. உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். எண்பத்தாறில் ஜெர்மனியில், ஹனோவரில் எங்களுக்கு வாய்த்தவர் செல்வரட்ணம் அண்ணை.

துருப்பிடித்த பழைய கார். ஹீட்டர் வேலை செய்யாது, பின்கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார், ஆனால் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, இருக்கைக்கு அடியில் ஒன்று என்று ஸ்பீக்கர்களைப் பூட்டி, அவற்றின் பேஸையும் ட்ரெபிளையும் ஆள ஓர் ஈக்குவலைசரையும் பொருத்தி, ஏறியவருக்குக் குளிரில் பல் கிட்டினாலும் "பேஸ் நெஞ்சில இடிக்குதோ?" என்று கேட்டுக்கேட்டே ஓட்டுவார். அந்தக் காரில் எந்தப் பாட்டும் பல்லவியைத் தாண்டியதில்லை. தாண்ட விட்டால்தானே?

ஒருநாள் எங்களோடு அகதி விடுதியில் இருந்த மரியமலர் அவருடைய காரடிக்கு ஓடிவந்தாள். ஊரிலிருந்து அவளுடைய அம்மா பேசிப் பதிந்து அனுப்பிய கசெட் கையில். அண்ணனை இலங்கை ஆமி பிடித்துப்போய் மாதக்கணக்கு; உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. விடுதியில் இருந்த ஒரே கசெட் ரேடியோவும் பழுது.

"அண்ணை, இதை ஒருக்காப் போடுங்கோ."

அவள் முன்னால் ஏற, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கசெட்டில் அம்மாவின் குரல்:

"பிள்ளை மலர், கொண்ணனை…"

டக். 'உன் அண்ணனை' என்ற அந்தச் சொல்லிலேயே அண்ணை நிறுத்திவிட்டார்.

"இரைச்சல் கூடவாக் கிடக்கு தங்கச்சி. ட்ரெபிளைக் குறைப்பம்."

கசெட்டைப் பின்னுக்குச் சுற்றினார். போட்டார். "கொண்ணனை…" டக். "இப்ப பேஸ் காணாது." அடுத்த முறை, இடப்பக்க ஸ்பீக்கர் மந்தமாம். அவர் கை மறுபடி பித்தானுக்குப் போனபோது, யாரோடும் அதிர்ந்து பேசாத அந்தப் பெண் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"எடுங்கோ கையை! அம்மா கதைக்கிறா!"

"…கொண்ணனை நேற்று விட்டிட்டாங்கள், பிள்ளை. நல்லா மெலிஞ்சுபோனான். இஞ்ச பக்கத்திலதான் இருந்து சாப்பிடுறான்."

சாப்பாட்டுக் கோப்பையை அரக்கி நகர்த்தும் சத்தம்கூடக் கேட்டது. மரியமலர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்குள்ளேயே சிரித்தாள். செல்வரட்ணம் அண்ணையின் கண்ணும் கலங்கித்தான் போயிற்று. கம்பளி ஜம்பரின் கையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியோ, கோப்பைச் சத்தம்கூட எவ்வளவு துல்லியம்! எல்லாம் அந்தப் பின் ஸ்பீக்கர்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரு தங்கையின் வயிற்றில் பால் வார்த்த செய்தியை இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, நடுவில் எங்கேயோ ஒரு காற்புள்ளி பிசகியிருக்கிறது என்று திருத்த உங்கள் கை எதையும் தேடவில்லையே?

அந்தப் பென்சிலைக் கீழே வையுங்கள்.