லாயிட் மச்சான் பெயரில் ஒரு ஜன்னல் சீட்

சம்மனசு டிராவல்ஸ்,
பிரேசர் டவுன், பெங்களூர்.
12 ஆகஸ்டு 2004

மிகவும் மதிப்பிற்குரிய பெரிய மச்சான் லாயிட் அவர்களுக்கு,

மரியே வாழ்க. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை பவுலினும் இங்கே நலம். ஜோலார்பேட்டையில் உங்கள் மூட்டு, முருங்கை மரம், ரயில்வே பென்ஷன் ஆகிய மூன்றும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உட்காரவும்.

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். ஏஜென்சி திறந்த இந்தப் பதினாறு வருடமாக, உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை உபயோகித்து வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பயணி வந்து தேதி கேட்பார், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று போய்விடுவார், அவர் கேட்டு வருவதற்குள் சீட் பறந்துவிடும், அதனால் நாங்களாக ஒரு பெயரைப் போட்டுச் சீட்டைப் பிடித்து வைத்துப் பிறகு மாற்றிக்கொள்வோம். இப்படி ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும். அல்சூரில் ஒருவர் காலமான தன் அப்பா பெயரில் பிடிக்கிறார். நான் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. என் கல்யாண விருந்தில் பிரியாணித் தட்டோடு எழுந்து நின்று, "தண்டவாளம் இல்லாத வண்டியில இந்த லாயிட் கால் வைக்க மாட்டான்" என்று சத்தியம் செய்தீர்களே, அதனால் உங்கள் பெயரில் பிடித்தால் நிஜப் பயணியோடு ஒருநாளும் குழம்பாது. இந்த வகையில் நீங்கள் பம்பாய்க்கும் துபாய்க்கும் பலமுறையும், பிராங்க்பர்ட்டுக்கு ஒருமுறையும் கிளம்பியிருக்கிறீர்கள். மரியாதை கருதி எப்போதும் ஜன்னல் சீட்தான் போடுவேன். இரண்டு சீட் வேண்டுமென்றால் பக்கத்தில் பவுலின்.

இப்போது இந்த மலிவு டிக்கெட் விமானக் கம்பெனிகள் வந்துவிட்டன. கார்பன் வைத்த டிக்கெட் புத்தகம் கிடையாது, கூப்பன் கிழிப்பது கிடையாது, இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். போன திங்கட்கிழமை ஸ்ரீராம்புரம் முனியப்பன் வந்தார். கார்ப்பரேஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர், என்னுடைய பழைய கஸ்டமர். தில்லியில் மகள் மமதாவுக்குப் பிரசவ நேரம், 28ஆம் தேதி போய் 31ஆம் தேதி திரும்ப ரெண்டு சீட் வேண்டும் என்றார். "வீட்ல யசோதாவக் கேட்டுட்டு வந்துர்றேன் சார்" என்று படியிறங்கினார். நான் பழக்க தோஷத்தில் லாயிட், பவுலின் என்று தட்டினேன். அது கிரெடிட் கார்டு நம்பர் கேட்டது. பழைய மிஷின் என்னை இப்படியெல்லாம் கேட்டதே இல்லை, ஏதோ அறிமுகத்துக்குக் கேட்கிறது என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அரை நிமிடம் யோசித்துவிட்டு, பயணம் இனிதே அமைய வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டது. பணம் திரும்ப வராதாம், பெயர் மாறாதாம். பதறிப்போய்க் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அப்போதும் நீங்கள் தில்லிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தீர்கள்.

மறுநாள் முனியப்பன் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து நின்றார். "சார், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு மமதாவே அங்கருந்து கம்ப்யூட்டர்ல போட்டுட்டா. ஈஜிபுரால பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கற சுனில் பிரிண்ட் எடுத்துக் குடுத்தான். ஆனா இதுல சீலே இல்லியே, ஏர்போர்ட்ல உள்ள விடுவானா? உங்க சீல் ஒண்ணு போட்டுக் குடுங்க சார்." என் வயிற்றில் அடித்த தாளுக்கு என்னிடமே முத்திரை. போட்டேன் மச்சான், மூன்று இடத்தில் போட்டேன், பழைய டிக்கெட் உறையில் வைத்தும் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு, நாளைக்கு எனக்கு மிச்சம் இருக்கப்போவது இந்த ரப்பர் ஸ்டாம்புதானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

இதற்குள் உங்கள் பெயர் போட்ட தாளைப் பவுலின் பார்த்துவிட்டாள். "எம் பேருமா இருக்கு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "பதினாறு வருஷமா ஊரையே ஏத்தி அனுப்புறீங்க. என்னைய ஒரு தடவ ஏர்போர்ட் கேட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? பொய்க்குத்தான் எம் பேரு வேணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். வெட்கமாகிவிட்டது மச்சான். மறுநாள் பார்த்தால் கொடியில் ஸ்வெட்டர் காய்கிறது. ஆகஸ்டில் தில்லி கொதிக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போயே தீருவாளாம், தனியாகப் போகமாட்டாளாம், அண்ணன் பெயர்தான் இருக்கிறது, அண்ணன் வரட்டும் என்கிறாள். அங்கே உங்கள் சித்தி மகள் பிரிஜெட் வீட்டில் தங்குவதற்கும் பேசிவிட்டாள்.

ஆகையால் உங்கள் சத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பயப்பட இதில் என்ன இருக்கிறது? ஏறும்போது காது அடைக்கும், மிட்டாய் சப்பினால் சரியாகிவிடும். இறக்கை ஆடும், அது ஆடத்தான் வேண்டும், ஆடாவிட்டால்தான் கவலை. திடீரென்று ஒருமுறை தூக்கிப் போடும், நம் வீட்டு ஈசிசேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், இத்தனை ஆயிரம் பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன், ஒருவர்கூடப் போகும் வழியில் இறங்கிக்கொண்டதில்லை. 27ஆம் தேதி காலையே இங்கே வந்துவிடுங்கள். மாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

வேளாங்கண்ணி மாதா உங்கள் மூட்டுக்கு வலுவும் நெஞ்சுக்குத் துணிவும் தர வேண்டிக்கொண்டு,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை புருஷன்,
ரெமிஜியஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடவும். நீங்கள் வர வேண்டாம். சற்றுமுன் பவுலின் கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் கன்னடத்தில் "ஒந்து உபகாரா மாடம்மா", ஒரு உபகாரம் பண்ணம்மா என்று ஆரம்பித்துப் பத்தே நிமிடத்தில் காரியத்தை முடித்துவிட்டாள். பெயரை ஒருமுறை மாற்றலாமாம். எனக்குத்தான் தெரியவில்லை. "அண்ணனுக்கு எதுக்குத் தொல்லை, நீங்களே வாங்க" என்று ஜன்னல் சீட்டில் என் பெயரைப் போட்டுவிட்டாள். மச்சான், இது உங்களோடு இருக்கட்டும்: நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. காது, மிட்டாய், இறக்கை எல்லாம் திரும்பி வரும் பயணிகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. இறக்கை ஆடும் என்று முதலில் ஒருவர் சொன்ன அன்றைக்கே கோவிலுக்குப் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். போவது போய்விடுகிறேன், என் ஸ்வெட்டரையும் துவைத்து அவளுடையதன் பக்கத்தில் காயப்போட்டிருக்கிறாள். திரும்பி வருவதற்கு மட்டும், உங்கள் பழைய ரயில்வே ஆட்களைப் பிடித்து, 31ஆம் தேதி தில்லியிலிருந்து எனக்கு ஒரு பெர்த்துக்கு ஏற்பாடு செய்யவும். பவுலினுக்குத் தெரிய வேண்டாம், உங்கள் பெயரிலேயே பிடித்து வையுங்கள். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.